மூன்றும் போய்ச் சேர்ந்தன

எங்கள் தீவில் முக்கியமான கடிதத்தை ஒரே ஆள் கையில் நம்பிக் கொடுப்பதில்லை. சென்னைக்குக் கப்பல் மாதத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் போகும். தபால் பையில் போட்டால் அது எந்த மூலையில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. அதனால் ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று பிரதி எழுதி, ஒன்றைத் தபாலில் போட்டுவிட்டு, மற்றவற்றை அந்தக் கப்பலில் போகிற தெரிந்தவர்கள் கையில் கொடுப்போம். சென்னையில் இறங்கியதும் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுவோம். போகிறவர்கள் தலையாட்டுவார்கள். மூன்றில் ஒன்று எப்படியும் போய்ச் சேரும்.

எனக்கு இதில் ஒரு வசதி இருந்தது. நான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் குமாஸ்தா. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், யார் பொறுப்பானவர், யார் வாயால் மட்டும் பொறுப்பானவர் எல்லாம் எனக்கு அத்துப்படி. லம்பா லைன் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கருமாதி ஓலை வரைக்கும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "அரசு, இதை யார் கையில குடுக்கலாம்?" என்பார்கள். என் முழுப் பெயர் திருநாவுக்கரசு. அதை முழுதாகச் சொன்னவர் என்னுடைய ஆபீசர் ஒருவர்தான், அதுவும் மெமோ கொடுக்கும்போது.

1964 ஜூன் மாதம் என் தங்கை மரகதத்தின் கல்லூரி விண்ணப்பத்தையும் அப்படித்தான் அனுப்பினேன். அப்போது எங்கள் தீவில் கல்லூரி கிடையாது. படிக்க வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தோடு சரி. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு எழுதிப் படிவம் வரவழைத்தோம். வந்தது ஒரே படிவம். அதைப் பார்த்து வெள்ளைத்தாளில் கோடு போட்டு இன்னும் இரண்டு பிரதி மரகதத்தை எழுதச் சொன்னேன். முதல் பிரதியை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். என்ன படிக்க விருப்பம் என்ற இடத்தில் கணிதம் என்று இருந்தது. எனக்குப் பரம திருப்தி. மற்ற இரண்டையும் அவளே எழுதி, அவளே ஒட்டிக் கொடுத்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒன்று தபால் பையில் போயிற்று. ஒன்றை அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் வாஹித் பாயிடம் கொடுத்தேன். அவர் சரக்கு எடுக்கப் போகிறார், நம்பகமானவர். மூன்றாவதைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த பன்னீர்செல்வத்திடம் கொடுத்தேன். அவரிடம் ஒரு முறை கொடுத்த சீமந்த அழைப்பிதழ், குழந்தைக்குப் பல் முளைத்த பிறகு போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் ஒரு கணக்குக்கு மூன்றாவது ஆள் வேண்டுமே.

மரகதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும், பெருமையும் வரும். இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால் எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு வங்காளிக் குடும்பம். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அகதி முகாமில் பிரிந்துபோன தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவள் அழுதுகொண்டிருந்தபோது மரகதத்துக்குப் பன்னிரண்டு வயது. ஆறே மாதத்தில் வங்காள எழுத்தைக் கற்றுக்கொண்டு அவளே எழுதிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? அந்த அம்மா எந்த ஊர், ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். பிறகு தெலுங்குக்காரர்கள், காடு வெட்ட வந்த ராஞ்சிக்காரர்கள், யுத்தத்தில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்திருந்த காலத்தில் இங்கேயே இருந்த கிழவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அந்தக் கிழவர்கள் வீட்டில் பெற்ற பிள்ளைகளிடம்கூட வாய் திறக்காதவர்கள். இவளிடம் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

வண்டூர் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காகக் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மூன்று மாதம் குறித்துவைத்து, நாலாவது மாதத்துக்குத் தானாகவே அட்டவணை போட்டாள். கால் மணி நேரம் முன்னே பின்னே இருந்ததே தவிரத் தப்பவில்லை. ரங்கத் என்ற ஊரில் எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் பத்து நாள் போனவள், நாற்பத்து மூன்று வகை இலைகளைப் பழைய பேப்பரில் அமுக்கிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியில் பெயர் எழுதியிருந்தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அதை வைத்ததால் புடவையில் கறை பட்டுவிட்டது. அம்மா அன்னம்மாள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தச் சிவப்பு எலை எந்த மரத்துதுடி?" என்று அம்மாவே கேட்டாள்.

ஒன்றைப் பிடித்தால் ஒன்றை விட வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. அரைகுறையாகச் செய்கிறவளாக இருந்தால் திட்டலாம். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவளை எப்படித் திட்டுவது?

ஜூலை ஒன்றாம் தேதி கப்பல் வந்தது. தபாலில் கல்லூரியிலிருந்து ஒரு கவர். சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது நான்தான் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது.

இதே பெயரில், இதே கையெழுத்தில் மூன்று விண்ணப்பங்கள் வந்துள்ளன. ஒன்றில் கணிதம், ஒன்றில் வரலாறு, ஒன்றில் தாவரவியல். விண்ணப்பதாரர் தமக்கு வேண்டியது எது என்பதை ஜூலை ஐந்துக்குள் தந்தி மூலம் தெரிவித்துப் பத்தாம் தேதி நேரில் வர வேண்டும். தவறினால் மூன்றும் ரத்து.

ஜென்மத்தில் முதல் முறையாக மூன்றும் போய்ச் சேர்ந்திருந்தன. பன்னீர்செல்வம் ஒரு படி மேலே போய், ரிக்‌ஷா வைத்துக்கொண்டு கல்லூரி வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தாராம்.

"என்னடி இது?" என்றேன்.

மரகதம் கடிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "எப்பவும் ஒண்ணுதானே அண்ணே போய்ச் சேரும்?" என்றாள்.

"அதுக்கு?"

"எது போய்ச் சேருதோ அதைப் படிக்கலாம்னு நெனச்சேன். என்னால முடிவு பண்ண முடியல. சரி, சமுந்தர் முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்." கடலுக்கு எங்கள் தீவில் சமுந்தர் என்றுதான் பேர்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தையே கிழித்திருப்பேன். "சமுந்தரா உன்னைப் படிக்க வெக்குது? ஊரெல்லாம் எங்கிட்ட லெட்டர் குடுக்குது. என் மானத்தை வாங்கிட்டியே! இது கேன்சல் ஆனா அடுத்த வருஷம்தான், தெரியுமா?"

அப்பா ஜம்புலிங்கம் அதிகம் பேசமாட்டார். மரைன் பட்டறையில் ஃபிட்டர். ஏழு வருடங்களுக்கு முன் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அப்போது நான் பதினோராம் வகுப்பு. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாதத்தில்தான் கவுன்டர் வேலை வந்தது, படிப்பை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதை இங்கே சொல்ல வேண்டிய அவசியம் பிறகு வருகிறது, அதனால் சொல்கிறேன்.

"கத்தாதடா. அவ யோசிக்கட்டும். நாளைக்குச் சொல்லுவா," என்றார் அப்பா.

மறுநாள் காலை லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. வாஹித் பாய் கடையைத் திறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். தான் கொண்டுபோன கவரால் வந்த வினையோ என்று அவருக்குச் சங்கடம். "அரே பேட்டி, ஃபிகர் மத் கரோ. கவலைப்படாதே மகளே. ஹிஸ்டரி படிச்சா கலெக்டர் ஆகலாம்," என்றார். வங்காளி அம்மா, இலைகளைப் பற்றிப் படித்தால் வைத்தியம் செய்யலாமே என்றாள். மரகதம் எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள், எல்லார் சொல்வதையும் கவனமாகக் கேட்டாள். எல்லார் சொல்வதும் அவளுக்கு நியாயமாகவே பட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. இவள் ஐந்தாம் தேதி வரைக்கும் இப்படியே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மூன்றும் போய்விடும் என்று தோன்றியது.

ஜூலை மூன்றாம் தேதி மதியம். மறுநாள் காலை கப்பல். எனக்கும் அவளுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் தந்தி ஆபீசுக்குப் போனேன். படிவத்தில் அவள் பெயரைப் போட்டு, கணிதம் என்று எழுதிக் கொடுத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தேன்.

நாலரை மணிக்கு மரகதம் வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. வரிசையில் நின்ற ஆட்களைத் தாண்டிக் கவுன்டர் கம்பிக்குள் முகத்தை வைத்து, "அண்ணே, முடிவு பண்ணிட்டேன். பாட்டனி," என்றாள்.

எதிரில் நின்றவருக்குக் கொடுக்க எடுத்த சில்லறையை மறுபடி பெட்டியிலேயே போட்டேன்.

"காலையில வாஹித் பாய் வீட்டு ஜன்னத் பீவி வந்தாங்க. மெட்ராஸ்லேருந்து வாங்கிட்டு வரச் சொல்லி லிஸ்ட் குடுத்தாங்க. ஊசி, பின்னல் நூல், கண்ணாடி வளையல், அத்தர். எதுக்கு இதெல்லாம்னு கேட்டேன். இங்க கிடைக்காததைத்தானே பேட்டி மேன்லேண்ட்லேருந்து வாங்கணும்னாங்க. அண்ணே, அப்பத்தான் புரிஞ்சுது. எனக்கு எது பிடிக்கும்னு கேட்டா மூணும் பிடிக்கும், அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. எது இங்க கிடைக்காதுன்னு கேட்கணும். சரித்திரம் இங்கதான் இருக்கு, ஒவ்வொரு வீட்லயும் ஒக்காந்திருக்கு. கணக்கு, புஸ்தகம் இருந்தா நானே போட்டுப் பார்த்துக்குவேன். மரத்தோட பேரு எல்லாரும் சொல்லுவாங்க. அது உள்ள எப்படி இருக்கு, எப்படித் தண்ணி ஏறுது, சொல்ல ஆளில்லை. ஸ்கூல்ல ஒரு மைக்ராஸ்கோப் இருக்கு, லென்ஸ் பூரா பூஞ்சைக்காளான். அதை வெச்சு நான் என்னத்தைப் பார்க்கறது? அதுக்குத்தான் கப்பல் ஏறணும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வரிசையில் நின்ற ஒரு தெலுங்குக்காரர் எதுவும் புரியாமலே அவளைப் பார்த்துச் சிரித்தார். பதினேழு வயதுப் பெண், ஊரே கூடிச் சொன்ன யோசனையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு சாமான் லிஸ்டிலிருந்து தன் வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைக் கேட்டபோது என் தங்கை என்பதையும் மறந்து அவள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் ரசீது குத்தியது.

"தந்தி அடிச்சிடறியா அண்ணே?"

"சரி," என்றேன்.

அடிக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு தந்தி, இரண்டு விதமாகப் போனால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கப்பலில் மூன்று நாள் பொறுத்தேன். ஜூலை மாதக் கடல் சும்மா இருக்காது. அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் பாதிப் பேர் படுத்த படுக்கை. அதில் நானும் ஒருவன். தினமும் கப்பலோடு பழகுகிறவன் என்று பெயர், ஆனால் நான் பழகியது டிக்கெட்டோடு மட்டும். மரகதத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு எலுமிச்சை ஊறுகாயும் காய்ந்த ரொட்டியும் கொடுத்து, வாளியை எடுத்துப்போய்க் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். வாந்தியோடு வாந்தியாக அதுவும் வெளியே வந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். மேல்தளத்துக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தேடிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே?" என்றாள். பிறகு, "நீ போய்ப் படு. காத்து அடிக்குது," என்றாள்.

சென்னையில் மண்ணடியில் வாஹித் பாயின் உறவினர் வீட்டு மாடியில் தங்கினோம். பத்தாம் தேதி காலை கல்லூரிக்குப் போனோம். முதல்வர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடி, பருத்திப் புடவை, சத்தம் போடாத குரல். மேசை மேல் மூன்று விண்ணப்பங்கள், பக்கத்தில் தந்தி. நான்கையும் சீட்டு மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தார்.

"இந்த மூணும் நீ எழுதினதா?"

"ஆமாங்க மேடம்."

"தந்தி?"

உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"அதுவும் நான்தாங்க மேடம்."

"நல்லது. மேத்ஸ்ல உனக்கு இடம் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு ஹாஸ்டலுக்குப் போகலாம்."

"மேடம், எனக்கு பாட்டனி வேணும்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "இத பாரும்மா. தீவிலேருந்து வர்ற பொண்ணு, கடிதம் போய் வர நாளாகும்னு மூணு வகுப்பிலயும் உனக்காக ஒவ்வொரு இடம் நிறுத்தி வெச்சிருந்தேன். தந்தி வந்ததும் மத்த ரெண்டையும் வேற பொண்ணுங்களுக்குக் குடுத்தாச்சு. பாட்டனி நிறைஞ்சுபோச்சு. மூணு தடவை மூணு விதமா எழுதினே. நாலாவது ஒண்ணு தந்தியில. இப்ப அஞ்சாவது. ஆறாவது தடவை மாத்த மாட்டேன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

மரகதம் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அந்த அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் முட்டாள்தனத்தையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, நிலையில்லாத பெண் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"தந்தி அடிச்சது நான் மேடம்," என்று எழுந்தேன். "அவளுக்குத் தெரியாது. அவ பாட்டனின்னுதான் சொன்னா. நான்தான் அவ பேருல மேத்ஸ்னு அடிச்சேன். எனக்குக் கணக்குப் பிடிக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்ல நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

"நீ ஏம்மா பொய் சொன்னே?" என்றார் முதல்வர், மரகதத்திடம்.

"மூணு விண்ணப்பம் போட்டது என் தப்பு மேடம். நான் ஒண்ணா எழுதியிருந்தா அண்ணன் தந்தி அடிச்சிருக்கவே வேண்டியதில்ல. அதனால அதுவும் என் தலையிலயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

முதல்வர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "மெடிக்கல் காலேஜ் லிஸ்ட் இன்னும் வரலை. வந்தா பாட்டனியிலேருந்து ரெண்டு மூணு பேர் போகலாம். போகாமலும் இருக்கலாம். அதுக்குக் காத்திருக்கிறதானா மேத்ஸ் இடத்தை இன்னிக்கே எழுதிக் குடுத்து விட்டாகணும். வெளியில பதினோரு பேர் அந்த இடத்துக்கு நிக்கறாங்க. ரெண்டையும் பிடிச்சு வெக்க முடியாது. வெளில போய் யோசிச்சுட்டு வாங்க."

வராந்தாவில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மேத்ஸ் எடுத்துக்க மரகதம். கையில இருக்கறதை விட்டுட்டு ஒண்ணுமில்லாம ஊருக்குத் திரும்பணுமா? உனக்குத்தான் அதுவும் பிடிக்குமே!"

"பிடிக்கும். அதான் கஷ்டமா இருக்கு," என்றாள். அங்கேயே ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து எழுதினாள். கணிதப் பிரிவில் எனக்கு ஒதுக்கிய இடத்தை விட்டுத் தருகிறேன். இரண்டே வரி. எழுதும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாளில் விழப் பார்த்தது. தாளைத் தள்ளி வைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதினாள். வாழ்க்கையில் எதையும் வேண்டாம் என்று சொல்லி அவளை நான் பார்த்ததில்லை. இலைகூட உதிர்ந்தால் எடுத்து வைத்துக்கொள்கிற பெண்.

எட்டு நாட்கள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலையில் கேட் திறந்ததும் வருவோம், சாயங்காலம் மூடும்போது போவோம். இருபதாம் தேதி கப்பல். அதற்குள் இடம் வராவிட்டால் இருவருமே திரும்ப வேண்டும். என் லீவும் அத்தோடு சரி. எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஒரு யுகமாகப் போயிற்று. அவள் மூன்றாம் நாளே அங்கிருந்த பியூனின் சொந்த ஊர், அவர் சென்னைக்கு வந்த கதை எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாள். தோட்டக்காரரிடம் ஒரு மரத்தின் பெயரைக் கேட்டாள், அவர் தவறாகச் சொன்னதைத் திருத்தினாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த நாள் வேறு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, "இது என்ன சொல்லு பாப்போம்," என்றார். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத நிலையில் ஒரு பெண் இப்படி இருக்க முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் தேதி பதினொரு மணிக்கு ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். "ஜே. மரகதம், போர்ட் பிளேர்," என்று கூப்பிட்டார். பாட்டனியில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மெடிக்கல் கிடைத்துவிட்டதாம். ஒரே ஒரு இடம். புதுப் படிவம் நீட்டினார். மரகதம் நின்றபடியே நிரப்பினாள். பாடம் என்ற இடத்தில் ஒரு வார்த்தை எழுதி, என்னிடம் காட்டினாள். நான் காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவளை ஹாஸ்டலில் விட்டேன். வாசல் வரைக்கும் வந்தாள். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"கணக்கையும் சரித்திரத்தையும் விட்டதுக்கு வருத்தமா இருக்கா?"

"இருக்கு," என்றாள். "மண்ணடி வீட்ல தினம் மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். நீ குளிக்கப் போனப்ப. ஒண்ணை எடுத்தா மத்ததுக்கு வலிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணே. அந்த வலிக்குப் பயந்துதான் மூணு எழுதினேன். இப்ப வலிச்சுடுச்சு. பரவாயில்ல, தாங்குது."

இவ்வளவு சின்ன வயதில் தன்னைப் பற்றி இப்படி நேராகப் பேசுகிற ஒருத்தியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்கு விரல் போனப்ப உன்கிட்ட யாருமே கேட்கலையே அண்ணே, உனக்கு எது வேணும்னு. எனக்கு ரெண்டு இருந்துச்சு, அழுறதுக்கு. உனக்குக் கணக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. நீ அழுதியா?"

"போடி, உள்ள போ. மணி அடிக்கப் போறான்," என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் தெருவைத் தாண்டிப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். மண்ணடிக்குப் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "ஏம்ப்பா, ஊருக்குப் புதுசா? எங்க போகணும்?" என்று கேட்டாள். ஏழு வருடமாக அடக்கி வைத்திருந்ததை நான் அப்போதுதான் அழுதுகொண்டிருந்தேன்.